கொத்துக்காரனின் நீல டப்பா

மாலை ஆறு மணிக்கு
டைக் வீதித் திருப்பத்தில்
என் கையிரண்டிலும் தகடுகள் பேசத் தொடங்கும்.
கடற்கரை வரை கேட்கும்.
ரொட்டி, முட்டை, கோவா, மாட்டிறைச்சிக் குழம்பு,
அதன்மேல் ஒரு அகப்பை எண்ணெய்,
அதற்கும் மேல்
"சீஸ் கூடப் போடுங்க" என்று எட்டிப் பார்க்கும் ஒரு பொடியன்.
சனிக்கிழமை என்றால் நூற்றிப்பத்துப் பார்சல்.
ஒன்றுகூட என்னுடையதில்லை.

என்னுடையது ஐஸ்பெட்டிக்குப் பின்னால்,
மூடி உடைந்து இறப்பர் வளையம் போட்ட நீல டப்பா.
இன்றைக்கு அதில்
தம்பலகாமத்துச் சிவப்பரிசிச் சோறு, என் முஷ்டியளவு;
காலையில் கரையேறிய சூரை,
கொறுக்காயும் மிளகும் போட்டு வற்ற அவித்தது;
முருங்கையிலை வறை, சோற்றைவிடக் கூட.
"வருத்தக்காரன் சாப்பாடு" என்பான் பெரோஸ்,
தேத்தண்ணி போடுகிறவன்,
தன் கோப்பைக்கு மூன்றாவது கரண்டி சீனியை
அள்ளிக்கொண்டே.

வருத்தக்காரனாய் இருந்தது போன வருசமடா.
மாவட்ட ஆணழகன் போட்டி, எழுபது கிலோப் பிரிவு.
எனக்கு எழுபத்தாறு.
போனில் எவனோ சொன்னான் என்று
பதினொரு நாள் வெள்ளரிக்காயும் தண்ணீரும்.
தராசு இறங்க இறங்க
கண்ணாடி முன்னால் நின்று சிரித்தேன்.
பன்னிரண்டாம் நாள், கடை நிறையச் சனம்.
தகடு தாளம் தப்பியது.
கண்ணுக்குள் பூச்சி பறந்தது.
விழும்போது கை ஊன்றிய இடம்
கொதிக்கிற இரும்புத் தட்டு.

நடுவர்கள் முன்னால் நிற்கவேண்டிய நாளில்
ஆசுப்பத்திரியில் மருந்து கட்டும் வரிசையில் நின்றேன்.
கட்டுப் போட்ட தாதி, சட்டைப் பட்டியில் யசோமதி,
என் புயத்தை ஒருக்கால் பார்த்தாள்.
"கடைசியா எப்ப சோறு திண்டனீங்கள்?"
நான் விரல் மடக்கி எண்ணத் தொடங்க
அவள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டாள்.

உவர்மலை ஏற்றத்தில்
மூச்சுவாங்க நின்றபோதுதான் எண்ணி முடித்தேன்.
விறகு வராத நாளில்
முதலாளி நிஸ்தார்
மேசையை உடைத்தா அடுப்பு மூட்டுவார்?
நான் மூட்டியிருந்தேன்.
ஒன்றரை வருசம் இரும்பு தூக்கிச் சேர்த்த மேசை.

இப்போது
பசிக்குமுன் ஒரு பிடி அவித்த கடலை.
விடிய இரண்டு முட்டை, முழுசாய்.
மஞ்சட்கருவை எறிகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.
பவுடர் டின் விற்கவந்த தம்பியிடம் விலை கேட்டேன்;
அந்தக் காசுக்கு எத்தனை கிலோ சூடை என்று
அவனையே கணக்குப் பார்க்க விட்டேன்.
கடை பூட்டிப் போனால் நித்திரை,
போனைத் தலைமாட்டில் வைக்காமல்.
எடை மெதுவாகத்தான் இறங்குகிறது,
கிண்ணியாப் பாலத்தில் லொறிக்குப் பின்னால் மாட்டின
சைக்கிள் மாதிரி.
சில கிழமை இறங்குவதேயில்லை.
பரோட்டா மா பிசையும்போது
வாயில் ஊறுகிற எச்சில்
இன்னும் நிற்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

ஒரு மணிக்கு, கதவு இறக்கும் நேரம்,
கோட்டைப் பக்கமிருந்து அந்த மான் வரும்.
கொம்பில் ஒரு கிளை முறிந்தது.
தொட்டிக்குள் தலையை விட்டு
குழம்பு ஊறின லஞ்ச் சீற்றை இழுத்து இழுத்துச் சவைக்கும்.
ஓடவென்று செய்த கால்கள்.
வயிறு மட்டும் பானை.
ஜிம்மில் துருப்பிடித்துக் கழித்த
பத்துக் கிலோ வட்டொன்றைத் தூக்கிவந்து
தொட்டி மூடிமேல் வைத்தேன்.
முகர்ந்து பார்த்தது. என்னைப் பார்த்தது.
கோபம்தான் போல.

மாசத்தில் ஒரு ஞாயிறு
பெரோஸ் தகடு பிடிப்பான், எனக்காக.
தாளமே வராது அவனுக்கு.
உப்புக் கூட, ரொட்டி பெரிசு பெரிசு.
வாங்கில் இருந்து, ஒரு வாய்க்கு ஒரு வாய் மென்று,
முழுவதையும் தின்பேன்.
திங்கள் காலை
டப்பாவைக் கழுவி, இறப்பர் வளையத்தைத் தேடுவேன்.